சூடேறாத கண்ணாடி

மகளின் சளிக்குத் தேய்க்க நீலகிரித் தைலத்தை எடுத்ததும், குன்னூரில் அப்பா வேலை பார்த்த சோதனை அறையின் வாசனை மூக்கில் ஏறியது.

அங்கே அப்பா ஒரு கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு தைலம் விட்டு, வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து, தைலம் சுத்தமா கலப்படமா என்று எழுதுவார். குளிரில் அளவு மாறிவிடும். முதலில் வெந்நீர் ஓடவிட்டுக் கருவியைச் சூடாக்க வேண்டும். உறைபனி விழுந்த ஒரு காலை அதை மறந்துவிட்டார். பக்கத்து ஊர் மாரண்ணன் காய்ச்சிய தைலத்தைக் கலப்படம் என்று எழுதினார்.

"ஏனுங்க, நானுங்களா கலந்தேன்?" என்று மட்டும் கேட்டார் அவர்.

ஒரு வாரம் கழித்துக் கருவியைச் சூடாக்கி அதையே மறுபடி அளந்தபோது சுத்தமான தைலம். அப்பா மாரண்ணன் வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டிக் கிடந்தது. தைலத்தை யாரும் வாங்காமல் போகவே, குடும்பமே மலை இறங்கியிருந்தது. அதன்பின் எங்களுக்குத் தேய்க்கும் தைலத்தைக்கூட அப்பா உள்ளங்கையில் பொத்திவைத்துத்தான் திறப்பார்.

"ஏம்மா, பாட்டிலைக் கையிலேயே வெச்சிருக்கறே?" என்கிறாள் மகள்.

"சூடாகட்டும் கண்ணு."