எதிரே இருப்பவர் மூக்கு

"அண்ணே, நீங்க இங்கிட்டு உக்காருங்க. அந்த அக்கா மூணு பேரும் எதுத்தாப்புல வாங்க. ஒங்களுக்கு அவுக மூணு பேருதேன் சரியா இருக்கும்."

கருத்தக்கண்ணன் பார்த்த பார்வையிலேயே ஆளை எடை போட்டுவிடுவார். உசிலம்பட்டிக்கு மேற்கே, சட்டிமலை உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுதான் விஞ்ச் நிலையம். இரும்புக் கயிறு இழுக்க, தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஒரே ஒரு பெட்டி. உள்ளே இருபக்கமும் எதிரெதிராக நீளப் பலகைகள். இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருந்தால்தான் கதவைச் சாத்த அவருக்கு மனம் வரும். யாராவது முறைத்தால், "கோவிச்சுக்கிறாதீங்கண்ணே, ஒங்களாலதேன் வண்டி ஆடாமப் போகுது" என்று சிரிக்க வைத்துவிடுவார். பிறகு கொண்டியை மாட்டி, இழுத்துப் பார்த்து, மணியை இரண்டு தட்டு தட்டுவார்.

சரிவைப் பார்த்துக் கதிகலங்குபவர்களுக்கு அவரிடம் ஒரே மருந்துதான். "கீழ பாக்காதீக. எதுக்க இருக்கவுக மூக்கப் பாருங்க. அம்புட்டுத்தேன், பயம் போயிரும்." புதுமணத் தம்பதிகளிடம் சொல்லும்போது மட்டும் அவரே வெட்கப்படுவார்.

வண்டி போய்த் திரும்பும்வரை நிலையத்தை ஒட்டிய பூங்கா அவர் ராஜ்யம். காகிதப்பூச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏறும் கல்லூரி மாப்பிள்ளைகளை விரட்டுவார். குரங்குகளை மட்டும் அதட்டமாட்டார். "ஐயா, அந்தக் கண்ணாடியக் குடுத்துருங்க" என்று மரியாதையாகக் கேட்பார். பாதி நேரம் கொடுத்தும் விடுகின்றன.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லும் இந்த மனிதர் அந்தப் பெட்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. வருவதும் போவதும் படிக்கட்டில்தான். கேட்டால், "ஒடம்புக்கு நல்லதுப்பா" என்பார். உண்மை தெரிந்தவர் டிக்கெட் கொடுக்கும் சோணை ஒருவர்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், "தெனமும் அதுலதேன் போறேன், வாரேன்" என்று அளந்துவிட்டு வந்ததும் சோணைக்குத் தெரியும். அதை இன்றுவரை நம்பி, ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருப்பவள் இருளாயி. கருத்தக்கண்ணனின் மனைவி.

ஆடு, மாடு, களையெடுப்பு என்று ஒழியாமல் இருந்தவள், போன ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக மலைக்கு வந்தாள். ஏறும்போது கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். "எறங்கையில நம்ம ஊருக் கம்மா தெரியும்ல? இந்த வருசம் நெறஞ்சு கெடக்கு. மேல இருந்து அதப் பாக்கணும்ங்க" என்று பூங்காவில் கால் வைத்ததிலிருந்து அதே பேச்சு. உச்சியிலிருந்து பார்த்தால் பாறை மறைக்கும். வண்டி பாதி இறங்கிய பிறகுதான் ஊர்க் கண்மாய் தெரியும். பேசிக்கொண்டே, கணவர் ஒவ்வொரு வண்டியாக ஆளேற்றி மூக்கு வைத்தியம் சொல்வதையும் சாயங்காலம்வரை வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வண்டி. இருளாயி ஏறி உட்கார்ந்து எதிர்ப்பலகையைத் தட்டினாள். "ஏங்க, ஏறுங்க."

சோணை சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"நீ முன்னாடி போ புள்ள. நான் பூங்காவப் பூட்டிட்டு வாரேன்."

"அப்ப நானும் ஒங்க கூடப் படியிலயே வாரேன்" என்று அவள் எழுந்தாள்.

கண்மாய் பார்க்க வந்தவளைப் படியில் இறக்குவதா? வெளியே கொண்டியைப் பிடித்தபடி கருத்தக்கண்ணன் கொஞ்ச நேரம் நின்றார். பாவம், அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பிறகு உள்ளே ஏறினார். எந்தப் பக்கம் பாரம் கூடுதல் என்று அன்று அவர் பார்க்கவில்லை. உள்ளிருந்து கொண்டி மாட்டிப் பழக்கமில்லாமல் விரல் தடுமாறியது. சோணை மணியடித்தார்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்ததும் அவர் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்கள் இருளாயியின் மூக்கில் போய் நின்றுவிட்டன.

"என்னங்க, மூக்குத்தி கோணிக்கிட்டு இருக்கா?"

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. இருளாயி அந்த வியர்வையைப் பார்த்தாள். மூக்கை விட்டு நகராத கண்களைப் பார்த்தாள்.

பாறை விலகியது. "அந்தா பாருங்க, கம்மா! எம்புட்டுத் தண்ணி!" என்று யாரோ கத்த, வண்டியே அந்தப் பக்கம் திரும்பியது.

இருளாயி திரும்பவில்லை. கீழ்நிலையம் வரும்வரை முகத்தை இம்மியும் அசைக்காமல் அவருக்கு நேராகவே வைத்திருந்தாள்.