பனி படிந்த குதிரைவீரன்

என் மேசை இழுப்பறையில், பழைய நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில், இரண்டு அங்குல உயரக் குதிரைவீரன் ஒருவன் இருக்கிறான். மாட்டுத் தடுப்பூசிக் குப்பியின் ரப்பர் மூடிதான் அவனுக்குப் பீடம். உள்ளே செப்புக் கம்பி. மேலே குழாய் ஒழுகலை அடைக்கும் பசைமாவு. கையில் நெல்மணி அளவுக்கு ஒரு சிவப்புக் கொடி. கொடி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஆறிய பாலின் ஆடை போல வெண்மை படிந்திருக்கிறது. தின்னரைத் தொட்டு ஒருமுறை தடவினால் தெளிந்துவிடும் என்கிறாள் என் மகள். தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும்.

அவனைச் செய்தவர் கொல்லிமலைக் கால்நடை மருந்தகத்தின் கம்பவுண்டர். நான் அப்போது மலைமேல் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். இருவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். 1999 கோடை விடுமுறையில், சேலத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் எனக்கு ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. சின்னஞ்சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்துப் பழங்காலப் போர்களை விளையாடுவது பற்றியது. அன்றே முடிவு செய்தேன்: சமவெளியிலிருந்து ஒரு சோழர் காலப் படை மலையேறி வருகிறது, மலைக்காரர்கள் தடுக்கிறார்கள். பக்கத்துக்கு அறுபது பேர். ஆண்டு விழாக் கண்காட்சியில் இதை விளையாடிக் காட்ட வேண்டும். இது என் வேலை என்று எல்லோரும் அறிய வேண்டும். அந்த ஆசையை அன்று நான் எழுதி வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. குதிரை ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகரலாம், சரிவில் மூன்று. வில்லின் எல்லை பன்னிரண்டு. எந்த வாரம் எத்தனை வீரர்கள், எந்த நிறம் எதற்குப் பின் என்பதற்கெல்லாம் தனித்தனிப் பட்டியல். ஆனால் என் கை தூரிகைக்கு ஆகாது. நான் தீட்டிய முதல் வில்லாளிக்குக் கண்கள் இரண்டு பொத்தான்கள் போல அமைந்தன. மெஸ்ஸில் அதைப் பார்த்த கம்பவுண்டர், "ஏனுங்க சார், பேயடிச்ச மாதிரி முழிக்கிறானுங்களே, எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கிப் போனார். மறுநாள் அந்த வில்லாளி ஒரு கண்ணைச் சுருக்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்றுக்குட்டியின் காது மயிர் நான்கை ஊசிமுனையில் கட்டித் தூரிகை செய்துகொண்டார். தடுப்பூசி வந்த தெர்மாகோல் பெட்டிகளைச் செதுக்கி மலை எழுப்பினார். மலையின் எடப்புளி நாட்டு ஊர்களில் மாடுகளுக்கு ஊசி போட்டு அலுத்து வருவார். வந்ததும் சீழ்க்கையடித்தபடி உட்கார்ந்துவிடுவார். என் பட்டியலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. காலாட்கள் முதலில் என்று எழுதியிருந்தால் யானைப்பாகனைத் தீட்டுவார். கேட்டால், "கைக்கு வந்ததச் செய்யறனுங்க" என்பார். அவர் கைக்கு வந்ததெல்லாம் உயிரோடு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் படைகளை நிறுத்தியிருந்த மேசையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு மாலை பதினொரு பேர் வந்தார்கள், எண்ணினேன். "இவன் நம்ம மொளகு யாவாரியாட்டவே மொறைக்கிறான் பாரு" என்று ஒருவர் சிரிக்க, மற்றவர்கள் தங்கள் முகத்தைத் தேடினார்கள். என் நோட்டை ஒருவரும் திறக்கவில்லை. ஒருவர் தேநீர்க் குவளையை அதன்மேல் வைத்தார். அந்த வட்டம் இன்னும் அட்டையில் இருக்கிறது. தலைமையாசிரியர் வழியில் என்னை நிறுத்தி, "கம்பவுண்டர் பட்டாளம் எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று கேட்டார். அன்றைய நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. மலைப்படைக்கு முதல் நாள் வார்னிஷ், சமவெளிப் படைக்கு மறுநாள் என்பது திட்டம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய வாரம் நான் தீட்டிய ஒரு வீரனுக்கு வார்னிஷ் பூசிப் பார்த்திருந்தேன். மாலையில் மூடுபனி இறங்கியதும் அது வெளுத்துப்போனது. 'பனியில் வார்னிஷ் வெளுக்கும்' என்று நோட்டில் எழுதினேன். பனியின் வழக்கமும் எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் குறித்து வந்தேன். காலையில் தூறி நண்பகலில் தூறல் விட்டு வெறித்தால் நான்கு மணிக்குப் பனி இறங்கிவிடும். அன்று காலையில் தூறி, நண்பகலில் வெறித்திருந்தது.

மூன்று மணிக்குக் கம்பவுண்டர் வார்னிஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், மழ கிழ வருமுங்களா?" என்று கேட்டார்.

"மழை வராது" என்றேன்.

அது உண்மை. மழை வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் ஒரு சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. நான்கு மணிக்கு அதன் வழியே பனி உள்ளே வந்தது. மலைப்படையின் அறுபது பேரும் வார்னிஷ் ஈரத்தோடு நின்றிருந்தார்கள். நான் மெஸ்ஸில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர் வெளுத்த படைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சீழ்க்கை இல்லை. "எல்லாம் என்ற அவசரந்தாங்க சார்" என்றார். சமவெளிப் படைக்கு வார்னிஷ் பூசாமலே விட்டுவிட்டோம். விழா அன்று காலையில் எனக்கு முன்பே வந்து, செந்நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்து, குதிரைமேல் இருந்த மலைத்தலைவனின் கொடியை மட்டும் புதிதாகத் தீட்டி வைத்திருந்தார்.

கண்காட்சி திறந்தது. கீழே சமவெளிப் படை வெயிலில் நிற்பதுபோல் பளிச்சென்று தெரிந்தது. மேலே மலைப்படை மங்கலாக நின்றது. திண்ணனூர் நாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள் குனிந்து பார்த்து, "பாரு கண்ணு, நம்மாளுங்க பனிக்குள்ளாற இருந்து வாராங்க. கீழ நிக்கறவனுக்குக் கண்ணே தெரியாது, செத்தான்!" என்று பேத்தியிடம் சொன்னார். மேசையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. விழாவுக்கு வந்த கல்வி அதிகாரி, பனியைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது யாருக்கு என்று கேட்டார்.

கம்பவுண்டர் சற்றும் தயங்கவில்லை. "சாருதானுங்க. பனி எத்தன மணிக்கு வரும்னு எழுதி வெச்சிருக்கறவரு. எல்லாப் பிளானும் அவரோடதுதான்" என்று என்னைக் கைகாட்டினார்.

அதிகாரி என் கையைக் குலுக்கினார். தலைமையாசிரியர் மேடையில் என் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். ஓராண்டாக நான் விரும்பியது அதுதான்.

சில மாதங்களில் அவருக்கு ராசிபுரம் பக்கம் மாற்றலானது. பஸ் ஏறும்போது மலைத்தலைவனை என் சட்டைப்பையில் போட்டு, "வாரேனுங்க சார்" என்றார். அடுத்த ஆண்டு விழாவுக்கு விதிகளைத் திருத்தலாம் என்று நோட்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். வார்னிஷ் பற்றி எழுதிய பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, சிவப்பில். கொடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மஞ்சள் கலந்த அதே சிவப்பு. அந்த நிறம் விழா அன்று காலையில் மட்டுமே கலக்கப்பட்டது. என்னைக் கைகாட்டியபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அவர் தூரிகைமீது எனக்கிருந்த பொறாமை எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தக் கைகாட்டலின்மேல் உள்ளது தீரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். இன்றும் மாட்டேன் என்றே அஞ்சுகிறேன்.

இன்று நல்ல வெயில். மகள் தின்னர் வாங்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறாள். குதிரைவீரனை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். கூடவே அந்த ஆண்டு நாட்குறிப்பையும் எடுத்தேன். அந்த நாளின் பக்கத்தில் 'மழை இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பேனாவைத் திறந்து அதன்கீழே, 'பனி வரும் என்று எனக்குத் தெரியும்' என்று எழுதினேன். மை உலரும்வரை காத்திருந்தேன். பிறகு தின்னர் புட்டியைத் திறக்காமலே மகளிடம் கொடுத்துவிட்டு, குதிரைவீரனை அவன் பனியோடு உள்ளே வைத்தேன்.