நடக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை

காலை ஆறரை மணி, பதினான்கு பேர், மாப்ள ஒருத்தன். கீழக்குயில்குடிச் சாலையில் நான் வேலை பார்த்த தீயணைப்புப் பயிற்சிக்கூடத்தில் பொழுது விடிவது இந்தக் கணக்கில்தான். பதினான்கு பேர் காப்பாற்றப் பழக வந்தவர்கள். மாப்ள, காப்பாற்றப்பட வேண்டியவன்; மணல் அடைத்த ஆளுயரக் கித்தான் பொம்மை.

இந்தத் தொழிலில் நெருப்பை அணைப்பதுகூடச் சுலபம், அடிபட்டவனாகப் படுத்துக் கிடப்பதுதான் கஷ்டம். ஸ்ட்ரெச்சரில் மல்லாந்தபடி, தலைக்கு மேல் நாலு பேர் உங்களைப் பற்றி உங்களைக் கேட்காமலே பேசிக்கொண்டதை அனுபவித்திருந்தால், நீங்களும் என் கட்சி.

மாப்ளயின் வலது கால்

நாளிதழில் இருபத்தாறு வருடம் விபத்துச் செய்தி எழுதி ஓய்வு பெற்ற என்னை, பயிற்சிக் கையேடு எழுதத்தான் மாணிக்கம் சார் கூப்பிட்டார். தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்தவர், இங்கே தலைமைப் பயிற்சியாளர். கையேட்டோடு பன்னிரண்டு அட்டைகளும் எழுதிக் கொடுத்தேன். 'மயக்கம்', 'கால் முறிவு', 'மணிக்கட்டில் சிராய்ப்பு' என்று அடிபட்டவரின் நிலையைச் சொல்லும் அட்டை ஒன்று அவர் கழுத்தில் தொங்கும். காப்பாற்ற வருகிறவர் அதைப் படித்து, அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, பிறகுதான் தொட வேண்டும். இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன். முதல் பக்கத்தை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் மாப்ளயின் வலது கால் தொடையோடு கழன்று மணல் கொட்டியது. தைப்பதற்காக வில்லாபுரத்தில் ஒரு பை தைக்கும் கடைக்கு ஆட்டோவில் அனுப்பினோம். மற்றவர்கள் உடம்பு முழுக்க மணலோடு நின்றார்கள். மாணிக்கம் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேப்பர்காரரே, நீங்க சும்மாதான உக்காந்திருக்கீங்க."

பால்பாண்டியின் தோள்

மாப்ளயின் இடத்தில் கிடக்கப்போன எனக்கு ஒரே ஒரு விதி. கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காவிட்டால் கிடக்க வேண்டும். கிடக்கும் இடம் புகையறை. கல்யாண மேடையில் மாலை மாற்றும்போது விடுகிற அதே புகை மெஷின்தான். அங்கிருந்து நீளமான ஒரு நடையைக் கடந்து வெளியே சிமெண்டுத் தளத்துக்கு என்னை மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவந்தால் பாஸ்.

முதலில் வந்தவன் பால்பாண்டி. ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. அதற்கு முன்னால் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். மாணிக்கம் சார் கையில் ஸ்டாப்வாட்சோடு வெளியே நின்று "தூக்கு, தூக்கு" என்று கத்த, அவன் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைத் தோளில் போட்டான். வாசலைத் தாண்டும்போது நிலைப்படியின் மேல்கட்டை என் தலையைச் சந்தித்தது. "தம்பி, தலை" என்றேன். அன்றைக்கு என் கழுத்தில் தொங்கியது 'மணிக்கட்டில் சிராய்ப்பு'.

"அண்ணே, நீங்க மயக்கத்துல இருக்கீங்க. பேசப்படாது."

எழுபத்து நாலுக்கு நாற்பத்தாறு

பால்பாண்டி எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அதைப் பார்த்த எல்லோரும் அவனைப் போலவே தூக்கினார்கள். ஒரு வாரத்தில் பதின்மூன்று ஆண்களின் தோள்களையும் அறிந்தவனானேன்.

பாக்கி இருந்தவர் பர்வீன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளர். அங்கே தீப்பாதுகாப்பு மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் எங்கள் சான்றிதழைக் கொடுத்தால் வேலை அவருக்கு, இல்லையென்றால் மேலாளரின் மச்சினனுக்கு. அவர் எடை நாற்பத்தாறு கிலோ, என் எடை எழுபத்து நாலு. முதல் முறை என்னைத் தோளில் ஏற்றப் பார்த்து இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். இரண்டாம் முறை கையைப் பிடித்து இழுத்தார். என் சட்டை மட்டும் குறித்த நேரத்துக்குள் வெளியே வந்தது. "சனிக்கிழமை ஒரு சான்ஸ் தாரேன், அதோட முடிஞ்சது" என்றார் மாணிக்கம் சார். பர்வீன் கிழிந்த சட்டையைத் தூசு தட்டி என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, ஒரு உதவி பண்ணுங்க. வெள்ளிக்கிழம ராத்திரி மட்டும் பரோட்டா திங்காம இருங்க."

பொட்டு வைத்த சிலிண்டர்

வியாழக்கிழமை வெளி வேலை. காளவாசலில் ஒரு ஓட்டல் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி, வாணலியில் எண்ணெயைப் பற்றவைத்து, எங்கள் ஆட்கள் அணைத்துக் காட்ட வேண்டும். ஓட்டலின் தீயணைப்பு சிலிண்டரையே எடுக்கச் சொன்னார் மாணிக்கம் சார். அது வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் கவரோடு, கவரின் மேல் ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டோடு இருந்தது. பால்பாண்டி கவரைக் கிழிக்கப் போனான். முதலாளி குறுக்கே வந்தார்.

"தம்பி, பூஜையில வச்சது. கிழிக்காம பைய எடு."

"எண்ணெ எரியுதுண்ணே."

"எரியட்டும், அது பழைய எண்ணெதான்."

இவர்கள் சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிற்க, மாப்ளயின் காலை நினைத்து நான் ஒதுங்கிக்கொண்டேன். சமையல்காரர் துண்டைத் தோளில் போட்டபடி சுவரில் சாய்ந்திருந்தார். பர்வீன் அவரிடம் போனார்.

"அண்ணே, இப்படி அடிக்கடி பிடிக்குமா?"

"வாரத்துக்கு ஒருக்கா பிடிக்கும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

சமையல்காரர் வந்து கேஸை மூடினார், பெரிய தட்டு ஒன்றை ஓரத்திலிருந்து வாணலி மேல் சரித்தார். தீ அடங்கியது. பால்பாண்டி இன்னும் சிலிண்டரின் பூட்டுப் பின்னைத் தேடிக்கொண்டிருந்தான். இம்புட்டு நேரம் ஏனய்யா சும்மா நின்றீர் என்று மாணிக்கம் சார் கடுகடுத்தார்.

"நீங்க யாரும் எங்கிட்ட கேக்கலையே சார்."

திரும்பி வரும்போது வேனில் பர்வீனின் மடியில் கையேடு விரிந்திருந்தது. எத்தனையாவது பக்கம் என்று என் இருக்கையிலிருந்து தெரியவில்லை.

சனிக்கிழமை

பரோட்டாவைத் தவிர்த்திருந்தேன். மாணிக்கம் சார் கைக்கு வந்த அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் புகையைத் திறந்தார். 'லேசான புகை. நினைவு உண்டு.' பர்வீன் குனிந்து வந்தார். வெளியே "தூக்கு, தூக்கு" என்று வழக்கமான கச்சேரி. அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து அட்டையைப் படித்தார்.

"அண்ணே, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது."

"நடக்க முடியுமா?"

ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. "முடியும்" என்றேன். 

"அப்ப எந்திரிங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சே வாங்க."

ஒரு நிமிடம் பத்து வினாடி. நான் என் சொந்தக் காலில் வெளியே வந்ததைப் பார்த்த மாணிக்கம் சார் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்தார். பால்பாண்டிதான் எட்டிப் பார்த்து நேரம் சொன்னான். சார் என் பக்கம் திரும்பினார்.

"என்ன பேப்பர்காரரே, நடந்து வாரீரு?"

"கேட்டாங்க. முடியும்னு சொன்னேன்."

"நீரு சொல்லிக் குடுத்தீரா?"

"அச்சடிச்சே குடுத்தேன் சார். பதினாலு பேருக்கும்."

பர்வீன் கையேட்டை நீட்டினார். மாணிக்கம் சார் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டு தடவை. ஆனாலும் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சரி. மயங்கிக் கெடந்தா?" என்று, கால் தைத்து வந்திருந்த மாப்ளயை உள்ளே போடச் சொன்னார். என்னைவிட மாப்ள இரண்டு கிலோ அதிகம்.

பர்வீன் ஓய்வறைப் பெஞ்சில் கிடந்த ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாப்ளயை ஒருக்களித்துப் புரட்டி, ஜமுக்காளத்தைச் செருகி, தலைமாட்டுப் பக்கம் சுருட்டிப் பிடித்துப் பின்னாலேயே நடந்து இழுத்து வந்தார். புதுத் தையல் தாங்கியது. மூன்று நிமிடத்துக்குப் பதினெட்டு வினாடி மிச்சம் இருந்தது. "எங்க சர்வீஸ்ல தோள்லதாம்மா தூக்குவோம்" என்றார் மாணிக்கம் சார், முன்பிருந்த சத்தம் இல்லாமல். பர்வீன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"வீட்ல பீரோவ நகத்துறப்ப அடியில சாக்க விட்டுத்தான் இழுப்பேன். பீரோவ யாரு சார் தோள்ல தூக்குறா?"

பின்குறிப்பு

சான்றிதழில் மாணிக்கம் சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அடுத்த பேட்சிலிருந்து ஸ்டாப்வாட்சோடு நின்று "கேளு, கேளு" என்று கத்துகிறார். பால்பாண்டி ஜவுளிக்கடைக்கு வருகிற பெரியவர்களையெல்லாம் நடக்க முடியுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

இந்த வருடம் மார்ச் பதினான்காம் தேதி காலை, பர்வீன் மேற்பார்வையாளராக இருக்கும் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் துணி வைக்கும் அறையிலிருந்து புகை கிளம்பியபோது, அந்தத் தளத்திலிருந்து பதினொரு நோயாளிகள் வெளியே வந்தார்கள்: ஒன்பது பேர் கேட்டதும் நடந்து, இரண்டு பேர் போர்வையில், தோளில் யாரும் இல்லை.