வாசக நாள் சண்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கத்துவேன். எவனுக்கும் பயந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அண்ணனூரில் எங்கள் மாதா கோயிலில், ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க மேடை ஏறினால் மட்டும் மூச்சுவிடாமல் ஓட்டி முடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

பாட்டுக்குழுப் பையன்கள் என் காதுபடவே பேசினார்கள். "அக்கா எக்ஸ்பிரஸ் மாமே, அண்ணனூர்ல நிக்காது."

வாசகர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதைவிட மோசம். "இன்னொரு வாட்டி இப்பிடி ஓட்டினா பேரை எடுத்துருவேம்மா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வாரம் முழுக்க டார்கெட், டார்கெட் என்று கத்தும் இந்த வாய் செய்கிற ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் பிடுங்குவார்களா?

அடுத்து என் முறை வந்த ஞாயிறு, காலையிலேயே சட்னியில் உப்பில்லை என்று கத்தினேன். அரைத்தவளே நான்தான். வண்டியை ஏன் வாசலில் குறுக்கே நிறுத்தினாய் என்று கணவரிடம் பாய்ந்தேன். அவர் சிரித்தார்.

"இன்னாம்மே, இன்னிக்கு உன் வாசகமா? வாசகம் வந்தாலே ஊட்ல சண்டதான். பயந்துகினு கீற, அத்த ஒத்துக்கோ."

"நானா? எனக்கு இன்னா பயம்?"

சொல்லும்போதே கவனித்தேன். உள்ளங்கை ஈரம். கால்விரல்கள் சுருண்டிருந்தன. மூச்சு தொண்டையோடு நின்றது. இத்தனை வருஷம் கோபம் என்று நினைத்ததில் பாதி பயம். அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததுதான் இன்னும் எரிச்சல். இருந்தாலும் எதிரி பயம்தான் என்று தெரிந்துவிட்டது. இனி சமாளிக்கலாம்.

பூசையில் வாசக மேடை ஏறினேன். மைக்கைச் சரிசெய்தேன். உடனே ஆரம்பிக்கவில்லை. பயமாக இருக்கிறது, இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கால்விரல்களை விரித்துக் குதிகாலைத் தரையில் அழுத்தினேன். அடைத்த மூச்சை மெல்ல வெளியே விட்டேன். பிறகுதான் முதல் வரி. முற்றுப்புள்ளி வந்த இடத்திலெல்லாம் நின்றேன். கோயிலில் ஃபேன் சத்தமும் என் குரலும் மட்டும்.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

"இறைவா உமக்கு நன்றி" என்றது மொத்தக் கூட்டமும். வழக்கமாக அதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பேன். அன்று கடைசி எழுத்து வரை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

பூசை முடிந்து பெரியவர் என்னிடம் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அடுத்த மாசமும் என் பேரைப் போடுங்க. நல்ல நீளமான வாசகமா பாத்துக் குடுங்க."