வெளுத்த விரல்களுக்குச் சாட்சி

அறுபதுகளில் ஒரு மார்கழிக் காலையில் நடந்த டைப் பரீட்சையில் என் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து மரத்துப்போயின. பாதித் தாளோடு எழுந்து வந்தேன். நைனா நம்பவில்லை.

"ஒழுங்கா கத்துக்காம இன்னா நடிப்பு இது? டாக்டர் வியாதின்னு சொல்லட்டும், இன்னொரு தடவ எழுது. இல்லன்னா மிஷின் பக்கமே போவக்கூடாது" என்றார்.

செஞ்சியில் டாக்டரிடம் இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் காரியத்தைக் கெடுத்தது அம்மா. படி இறங்குமுன் என் கைகளை வெந்நீரில் முக்கி, விளக்கெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள். "டாக்டராண்ட பொணத்துக் கையோடயா போவ? பாக்கிறவங்க இன்னா நெனப்பாங்க?" கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது போலத்தான் ஆஸ்பத்திரிக்கும் கிளம்ப வேண்டும் அவளுக்கு. போதாக்குறைக்கு, மார்கழியிலும் பதினோரு மணிக்கெல்லாம் மலைப்பாறை சுட ஆரம்பித்துவிடும் ஊர். டாக்டர் முன்னால் நீட்டும்போது விரல்கள் மருதாணி வைத்தது போல் சிவந்திருக்கும். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்குது" என்பார். நைனா என்னை முறைத்தபடியே பீஸை எண்ணி வைப்பார்.

மூன்றாம் முறை, பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, டிபன் பாக்ஸில் ஒளித்து எடுத்துப் போனேன். டாக்டர் மேஜை முன்னால் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலாக வெளுத்தது.

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "சின்ன ரத்தக் குழாய்ங்களச் சுத்தி சதை இருக்குதும்மா. குளிர் பட்டா நரம்பு சொல்லி அது கொஞ்சம் இறுகும், உடம்புச் சூடு வெளிய போவாம இருக்க. எல்லாருக்கும் அப்படித்தான். உனக்கு ஒரேடியா மூடிக்குது. மனசுல டென்ஷன் வந்தாலும் மூடிக்கும்." நைனாவிடம் திரும்பினார். "பொய் இல்லீங்க. கைய சூடா வச்சிக்கிட்டா தாராளமா டைப் அடிக்கலாம்."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்ததும் நைனா குரலைத் தாழ்த்தினார். "வியாதின்னு ஆயிடுச்சி. வியாதிக்காரிக்கு மிஷின் எதுக்கு? யாராண்டயும் மூச்சு விடாத. நாளைக்குப் பொண்ணு கேட்டு வரணும்."

இல்லை என்றால் நடிப்பு, இருக்கிறது என்றால் லாயக்கில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உச்சி வெயிலில் நின்றிருந்தேன். ஐஸ் கட்டியை உள்ளேயே விட்டுவிட்டு வந்து வெகு நேரமாகியிருந்தது. குனிந்து பார்த்தால், விரல்கள் மறுபடியும் வெளுத்துக்கொண்டிருந்தன. நான் நைனாவிடம் காட்டவில்லை.