மேட்டில் நின்ற தண்ணீர்

“மண்ணுல கெடந்து இப்பத்தான் எய்ந்து வந்துகீறோம். நீ இன்னாத்துக்கு மறுக்கா மண்ணாண்டயே போற? அத்தப் படிக்க ஒரு காலேஜா?”

வேளாண்மைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்த அன்று மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி, மண் லாரி ஓட்டுகிறவர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பள்ளமான மனைகளில் சவுடு மண் கொட்டி மேடாக்குவதுதான் அவர் வேலை. மேடாக இருந்தால் நல்ல மண், அவ்வளவுதான் அவர் கணக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததே நான்தான் என்பதால், எதிர்த்துப் பேச எனக்குத் துணை யாரும் இல்லை. சேர்ந்துவிட்டேன்.

கடைசி வருடம் படிக்கும்போது அம்மாவின் வேலை போயிற்று. பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இதே பகுதி வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவள். “இனிமே யாருக்கும் கூலிக்குப் போ மாட்டேன். கீர போட்டு நானே விக்கப் போறேன்” என்றாள்.

வீடு கட்டும் வரை காலி மனையில் பயிர் வைக்க விடுகிறவர்கள் இங்கே உண்டு. அப்படி இரண்டு மனைகள் அம்மாவுக்குத் தெரிய வந்தன. ஒன்று மாமாவே மண் கொட்டி முழங்கால் அளவு உயர்த்தியது; செக்கச்செவேலென்று பார்க்க அழகாக இருக்கும். இன்னொன்று ஒரு தெரு தள்ளி, கூவத்தின் கரையில், பெருமழைக்கு ஆறு ஏறி இறங்கும் இடத்தில். ஒன்றைத்தான் எடுக்க முடியும். தப்பாக எடுத்தால் அம்மா மறுபடியும் துடைப்பத்தைத் தூக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மனையிலும் தொடை ஆழத்துக்குக் குழி தோண்டினேன். கரையில் மண்வெட்டி சுலபமாக இறங்கியது. அந்த மண்ணை ஈரமாக்கிப் பிடித்தால் உருண்டையாகும், விரலால் அழுத்தினால் உதிரும். மணலும் வண்டலும் கலந்த மண். ஆறு பொங்கும்போது கனமான மணலைக் கரையோரமே போட்டுவிடுகிறது. மெல்லிய களிமண் தூரம் போய் வயல்வெளியில் படிகிறது. மாமாவின் மேட்டிலோ கடப்பாரை எம்பி வந்தது. லாரிச் சக்கரம் ஏறி ஏறி இறுகிய சவுடு மேலே. அடியில் பழைய நெல்வயலின் களி.

இரண்டு குழியிலும் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அம்மாவும் நானும் டீ குடிக்கப் போனோம். திரும்பும்போது கரைக்குழியில் ஈரம் மட்டும் இருந்தது. மேட்டுக்குழியில் தண்ணீர் அப்படியே நின்றது; அப்படி நின்றால் கீரை வேர் அழுகிவிடும். மாமா அதன் ஓரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, கொளம் வெட்றியா? மீன் வுடலாமா?”

“வுடு மாமா. உன் மேட்டுலதான் தண்ணி நிக்குது.”

“மழ வர்ட்டும். ஆறு வந்து உங்கம்மா கீரயத் தூக்கினு போவசொல்ல தெரியும்.”

அதில் அவர் சொன்னது தப்பில்லை. ஆறு வரத்தான் செய்யும். அதனால் கரைமனையை எடுக்கச் சொன்னபோதே அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன்: ஐப்பசியில் விதைக்காதே, ஆறு வந்து போகட்டும்.

சொல்வது சுலபம். பக்கத்து மனைகளில் கீரை முளைத்துவிட்டது. அம்மா தினமும் வெறும் தரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“எல்லாரும் வெதச்சிட்டாங்கடி. நாம மட்டும் கையக் கட்டினு குந்தினுகீறோம்.”

ஒரு வேளை ஆறு வராமலே போனால்? நானும் தினமும் கரைக்குப் போய் ஆற்றின் மட்டத்தைப் பார்த்தேன்.

கார்த்திகையில் ஆறு வந்தது. கரை முழுக்க முழுகியது. பக்கத்துக் கீரையெல்லாம் போயிற்று. வெள்ளம் இறங்கிய பிறகு போய்ப் பார்த்தோம். எங்கள் மனை அதற்குள் வடிந்து, மேலே பாலாடை போலப் புது வண்டல் படிந்திருந்தது. மேட்டு மனையில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, தவளை கத்திக்கொண்டிருந்தது. மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கரைமனையில் பாத்தி கட்ட ஆரம்பித்தார்.

அரைக்கீரையும் முள்ளங்கியும் போட்டோம். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் அம்மா முதல் கீரைக்கட்டை விற்றபோது நான் பக்கத்தில் நின்றேன். “எம் பொண்ணு பாத்து எடுத்த மண்ணு” என்று வாங்குகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு அது எதற்கு? ஆனாலும் அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குக் கேட்கப் பிடித்திருந்தது.

இப்போது மண்ணைப் பற்றிக் கேட்டு மாமாவுக்குக் கூட்டாளிகள் போன் செய்தால், “இரு மாமே, எங்கக்கா பொண்ணக் கேட்டுச் சொல்றேன்” என்கிறார்.

ஒரு மனைக்குச் சொன்னதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. இந்தக் கரையில் எங்கே பயிர் நிற்கும், எங்கே இடத்தைத் தண்ணீருக்கே விட்டுவிட வேண்டும் என்று முழுவதுக்கும் சொல்ல வேண்டும். மண்ணியல் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஆய்வுக்கும் இந்தக் கரையையே எடுத்திருக்கிறேன். போன வாரம் முதல் குழியைத் தோண்டியாயிற்று. கடப்பாரையை லாரியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியது மாமாதான்.