அடிக்காத மணி

அன்று அந்த மணி ஒழுங்காக அடித்திருந்தால் பாய்லர் இன்ஸ்பெக்டரை நான் மறந்தே போயிருப்பேன். ஆண்டுக்கு ஒரு முறை கோலாலம்பூரிலிருந்து வருவார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆறிக் கிடக்கும் பாய்லருக்குள் புகுந்து பார்ப்பார். கரியும் வியர்வையுமாக வெளியே வந்து, முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் மணி அடிக்கவில்லை. லோரி நிறுக்கும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடி, அடித்துத் தொலையேன் என்று மனசுக்குள் நான் கத்திக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டம், அதற்குள் எண்ணெய் ஆலை. என் வீட்டுக்காரருக்கு அங்கே பாய்லர் வேலை. அவருக்குக் கூட்டாளி எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். ஒருவர் நெருப்பைப் பார்த்தால் மற்றவர் தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீர் வற்றிப்போய் நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தால் பாய்லர் வெடித்துவிடும். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே இதை என்னிடம் யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள், நாசமாய்ப் போக.

அந்த ஆண்டு ஆலைக்கு ஒரு தானியங்கிக் கருவி வந்தது. தண்ணீர் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் அதுவே மணியடித்து, நெருப்புக்குக் காற்று ஊதும் விசிறியை நிறுத்திவிடுமாம். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் பாய்லருக்கு ஒரு ஆள் போதும் என்றார். மாதக் கடைசியோடு அண்ணனுக்கு வேலை இல்லை. ராசா என்ற ஊரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று அண்ணி சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் வந்து கருவியைப் பார்த்து, சரி என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அண்ணன் போகிறாரே என்ற வருத்தம் ஒரு பக்கம். என் புருஷன் அந்த ராட்சசனோடு தன்னந்தனியாக நிற்கப் போகிறாரே என்ற பயம் இன்னொரு பக்கம். வாயைத் திறந்தால் அவருக்குக் கோபம் வரும். “மெஷினு பாத்துக்கும்லா, நீ சும்மா இரு” என்பார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஆயுத பூஜை முடிந்த சில நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். குள்ளமான மனிதர், சோடாபுட்டிக் கண்ணாடி, அதட்டத் தெரியாத குரல். நான் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. பூஜைக்குக் கட்டிய மாவிலையும் சாமந்தி மாலையும் வாடிப்போய் அதன் மேல் அப்படியே தொங்கின. கருவியைப் பொருத்திய கம்பெனிக்காரர்கள் பொத்தானை அமுக்கிக் காட்டிவிட்டார்கள், மணி நன்றாக அடித்தது என்று மேனேஜர் சொன்னார்.

“பொத்தான அமுக்குனா அடிக்கும் சார். தண்ணி இறங்குனா அடிக்குமான்னுதான் எனக்குத் தெரியணும். நெஜமாவே இறக்கிப் பாத்துருவோம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையாவது பத்திரம் என்று சொல்கிற ஆள், சோதிக்கும்போது அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். “வாங்க சார், சேந்து நிப்போம்” என்று அன்போடுதான் கூப்பிட்டார். மேனேஜருக்கு அந்த நிமிடம் பார்த்து அவசரமாக ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது, பாவம். மற்றவர்களை எல்லாம் இன்ஸ்பெக்டர் வெளியே அனுப்பினார். “தங்கச்சி, நீங்க லோரி நிறுக்கிற எடத்துக்குப் போயிருங்கம்மா, வயித்துல புள்ள இருக்கு” என்றார். உள்ளே அவரும் என் வீட்டுக்காரரும் மட்டும்.

நெருப்பைத் தணித்துவிட்டு, பாய்லரிலிருந்து தண்ணீரை மெல்ல வெளியே திறந்துவிட்டார்கள். வெளியே நாங்கள் மணிக்காகக் காத்திருந்தோம். அண்ணன் என் பக்கத்தில் நின்று, “இப்ப அடிச்சிரும், இப்ப அடிச்சிரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது அடித்தால் தனக்கு வேலை போய்விடும் என்று தெரிந்த மனிதர்! அடிக்கவில்லை. அப்புறம் உள்ளே திரும்பத் தண்ணீர் ஏற்றும் பம்பு ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் குறிக்குக் கீழே போனதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

நாங்கள் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். இன்ஸ்பெக்டர் ஏணி வைத்து ஏறி, மாலையை விலக்கிப் பார்த்தார். தண்ணீர் இறங்கும்போது தானும் இறங்க வேண்டிய ஒரு சின்ன இரும்புக் கை அந்தக் கருவியில் இருந்தது. அது அசைய முடியாதபடி மஞ்சள் கயிற்றால் பக்கத்துக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தது, ஒரு எலுமிச்சம்பழத்தோடு. கட்டியது என் வீட்டுக்காரர்.

“இனிமே இதுதானே என் உசுர காப்பாத்தப் போவுதுன்னு கட்டுனேன்யா” என்றார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். பூஜை நாளிலிருந்து அவர் கட்டிய காப்பே அவரைக் கொல்லக் காத்திருந்திருக்கிறது.

போனை முடித்துக்கொண்டு வந்த மேனேஜர் குதித்தார். மெஷின் மேல் தப்பே இல்லை, இவனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் ஏணியில் நின்றபடியே பதில் சொன்னார்.

“இவர அனுப்புனா அடுத்த வருசம் இன்னொருத்தர் கட்டுவார் சார். பூஜ வரும், மனுசன் பயப்படுவான், கட்டத்தான் செய்வான். இதுக்கு மூடி போடுங்க. ஒரு கயித்துக்கே அடங்கிப்போற மெஷின நம்பி ஆளக் குறைக்க நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேருமே இருக்கணும்.”

பிறகு கயிற்றை அறுக்காமல், முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். கீழே இறங்கிவந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, “சாமி கயிறுய்யா. அசைய வேண்டாத எடமாப் பாத்துக் கட்டுங்க” என்றார். வெளியே வந்து என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். “பயந்துட்டீங்களாய்யா?” என்று கேட்டுவிட்டேன். “ஆமாம்மா” என்றார், மறைக்காமல். அந்த மனிதரை அப்படியே கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

அன்று வயிற்றிலிருந்த மகள் இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே சரக்கு வண்டிகள் டிரைவர் இல்லாமல் தானாக ஓடுகின்றனவாம், குறுக்கே ஆள் வந்தால் தானாக நிற்குமாம். “யாராச்சும் குறுக்க நின்னு பாத்தாங்களா?” என்று கேட்டேன். “அம்மா, நீங்க வேற லா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இன்ஸ்பெக்டராக இருந்தால் முதல் ஆளாய்ப் போய் நின்றிருப்பார்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன். அவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணி மூட்டைகளை அவிழ்த்துச் சட்டி பானைகளைத் திரும்ப அடுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு சத்தமாக அடுக்க வேண்டியதே இல்லை. எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் அடுக்கினாள். கடைசிப் பானை ஏறும்வரை கேட்டிருந்துவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.